ஒளி பட்டால் திறக்கும் சிலிக்கா நானோதுகள்: தயாரிப்பு, மூடி, அளவீடு

நுண்துளைச் சிலிக்கா நானோதுகளுக்குள் ஒரு மூலக்கூறை அடைக்கிறோம், துளை வாயை மூடுகிறோம், ஒளி பட்டதும் திறக்க வைக்கிறோம். இதில் ஒளியால் திறப்பது சுலபமான பகுதி. இருட்டில் ஒரு நாள் முழுக்கக் கசியாமல் வைத்திருப்பதுதான் கடினம். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கசிவைக் குறைப்பதற்காகவே இந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. வரிசையை மாற்றினால் வேலை முடிந்த மாதிரித் தெரியும், அளவீட்டில் போய் நிற்கும்.

எம்சிஎம்-41 என்ற, சீரான நுண்துளைகள் கொண்ட சிலிக்கா வகையை மொபில் நிறுவன ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்டார்கள். அதன் துளை வாயில், ஒளி பட்டால் இரண்டிரண்டாக இணையும் கூமரின் மூலக்கூறுகளை வைத்து ஒளியால் மூடித் திறக்கலாம் என்று ஜப்பானிய ஆய்வுக்குழு ஒன்று 2003-இல் காட்டியது. அந்தக் கூமரின் இணையைப் பிரிக்க 250 நானோமீட்டர் ஒளி தேவை. அது பெரும்பாலான சரக்கு மூலக்கூறுகளையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் இங்கே 365 நானோமீட்டரில் அறுபடும் நைட்ரோபென்சைல் இணைப்பை எடுத்துக்கொள்கிறோம்.

அமைப்பு இதுதான். துகளின் வெளிப்பரப்பில் அமீன். அதன் மேல் நைட்ரோபென்சைல் இணைப்பு. இணைப்பின் நுனியில் அடமன்டேன் என்ற உருண்டையான ஹைட்ரோகார்பன். அடமன்டேனைக் கவ்விக்கொண்டு துளை வாயில் உட்காருவது வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறான பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின். இதுதான் மூடி. ஒளி பட்டால் இந்த இணைப்புத் தண்டு அறுந்து, அடமன்டேனும் அதைக் கவ்வியிருந்த சைக்ளோடெக்ஸ்ட்ரினும் சேர்ந்தே கரைசலுக்குப் போய்விடும். இந்த அமைப்பின் பெரிய வசதி, மூடுவதற்கு வினைக்காரணி எதுவும் வேண்டாம் என்பது. சோதனைச் சரக்கான சாயம் நிறைந்த நீரிலேயே மூடிவிடலாம். அதன் பலவீனத்தை மூடும் கட்டத்தில் விளக்குகிறோம்.

துகள்

480 மி.லி. நீரில் 1 கிராம் சிடிஏபி (துளைகளுக்கு அச்சாக அமையும் சோப்பு போன்ற பொருள்), 3.5 மி.லி. 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. 80 டிகிரி செல்சியஸில் முழுவதும் கரைந்து தெளிந்த பிறகு, வேகமாகக் கலக்கிக்கொண்டே 5 மி.லி. டிஇஓஎஸ்ஸை (சிலிக்காவாக மாறும் திரவம்) சொட்டுச் சொட்டாகப் பத்து நிமிடத்தில் விடுங்கள். சில நிமிடங்களில் கரைசல் வெண்மையாகும். 2 மணி நேரம் அதே வெப்பத்தில் ஓடட்டும். சூடாக இருக்கும்போதே வடிகட்டி அல்லது மையவிலக்கில் சுழற்றி, நீராலும் மெத்தனாலாலும் கழுவி, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். துகள்கள் ஏறத்தாழ 100 நானோமீட்டர், துளைகள் சுமார் 2.5 நானோமீட்டர் விட்டத்தில் அமையும். கலக்கும் வேகம் குறைந்தால் துகள்கள் பெரிதாகும், ஒட்டிக்கொள்ளும். டிஇஓஎஸ் ஆவி கண்ணைக் கெடுக்கும், உலர்ந்த நானோதூள் நுரையீரலுக்கு ஆகாது. இரண்டையும் புகைபோக்கி அலமாரிக்குள்ளேயே கையாளுங்கள்.

இந்தக் கட்டத்தில் சிடிஏபியை வெளியே எடுக்காதீர்கள். துளைகள் அதனால் நிரம்பியிருப்பதுதான் அடுத்த படிக்குப் பாதுகாப்பு.

அமீன் வெளியே மட்டும்

நன்றாக உலர்ந்த 1 கிராம் துகளை 100 மி.லி. உலர் டொலுயீனில் கலைத்து, நைட்ரஜன் கீழ் 0.1 மி.லி. ஏபிடிஇஎஸ் (சிலிக்காவில் ஒட்டும், அமீன் கொண்ட சிலேன்) சேர்த்து 12 மணி நேரம் கொதிநிலையில் வைத்துக் குளிர்விக்கும் கருவியோடு ஓடவிடுங்கள். சிடிஏபி டொலுயீனில் கரையாது. ஆகவே துளைகள் அடைபட்டே இருக்கும், சிலேன் வெளிப்பரப்பில்தான் ஒட்டும். டொலுயீனில் ஈரம் இருந்தால் சிலேன் தன்னோடு தானே சேர்ந்து கட்டிகளாகும். கழுவிய பிறகும் தூள் கரைசலில் பிரியாமல் மணல் மாதிரி அடியில் படிந்தால் பெரும்பாலும் காரணம் அந்த ஈரம்தான். சிலேனை அதிகம் ஊற்றினால் நல்லது என்ற எண்ணமும் அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

இப்போது சிடிஏபியை வெளியேற்றலாம். 1 கிராமுக்கு 100 மி.லி. மெத்தனால், 1 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 60 டிகிரி, 6 மணி நேரம். புதிய கரைசலில் இன்னொரு முறை. அகச்சிவப்பு நிறமாலையில் 2920, 2850 செ.மீ.⁻¹ சுற்றியுள்ள, சிடிஏபியின் கார்பன்-ஹைட்ரஜன் சிகரங்கள் பெருமளவு இறங்கியிருக்க வேண்டும். ஏபிடிஇஎஸ்ஸின் புரோப்பில் சங்கிலியால் மெல்லிய மிச்சம் இருப்பது இயல்பு. நைட்ரஜன் உறிஞ்சல் அளவீட்டில் பரப்பு கிராமுக்கு 900 சதுர மீட்டர் அளவில் வந்தால் துளைகள் திறந்துவிட்டன. வெகு கீழே இருந்தால் சிடிஏபி இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த மிச்சம் பிறகு சாயத்துக்கு இடம் தராது, செல்களுக்கும் நஞ்சாகும்.

அமிலத்தில் ஊறிய அமீன்கள் புரோட்டான் ஏறியவை, அப்படியே இணைப்பு வினை செய்யாது. 1 சதவீத டிரைஎத்திலமீன் கலந்த மெத்தனாலில் சுருக்கமாகக் கழுவி, பிறகு வெறும் மெத்தனாலிலும் டிஎம்எஃப் கரைப்பானிலும் கழுவுங்கள்.

அறுபடும் தண்டு

இங்கிருந்து எல்லாமே மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கின் கீழ். சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சமே இணைப்பை மெல்ல அறுக்கும். குடுவைகளுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

பயன்படுத்துவது, எஃப்மாக் என்ற, பிறகு நீக்கக்கூடிய பாதுகாப்புத் தொகுதி கொண்ட அமினோஎத்தில்-மெத்தாக்சி-நைட்ரோபீனாக்சி பியூட்டனோயிக் அமிலம். பெப்டைடு வேதியியலாளர்கள் ஒளி இணைப்பு என்று வாங்கும் அதே பொருள், மூலக்கூறு நிறை 520.5. அறுபடும் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதி இருப்பது முக்கியம். மெத்தில் இல்லாத வகை அறுந்தால் நைட்ரோசோ ஆல்டிஹைடு பிறக்கும், அது பக்கத்து அமீன்களோடு வினைபுரியும். மெத்தில் உள்ளது கீட்டோனாகிறது, தொல்லை குறைவு.

100 மி.கி. துகளுக்கு: 15.6 மி.கி. இணைப்பு அமிலம், 10.8 மி.கி. எச்பிடியு (அமிலத்தை அமீனோடு இணைக்கும் வினைக்காரணி), 10.5 மைக்ரோலிட்டர் டிஐபிஇஏ (காரம்), 5 மி.லி. டிஎம்எஃப். துகளைச் சேர்க்கும் முன் இந்தக் கலவையை 5 நிமிடம் தனியே விடுங்கள். எச்பிடியு, மோல் கணக்கில், அமிலத்தைவிடச் சற்றே குறைவாக இருப்பது வேண்டுமென்றே வைத்தது. மீதி எச்பிடியு இருந்தால் அது துகளின் அமீனையே பிடித்து அடைத்துவிடும். இரவு முழுவதும் கலக்குங்கள், டிஎம்எஃப்பில் நான்கு முறை கழுவுங்கள்.

அடுத்தது பலரும் தாண்டிப் போகும் படி: மிச்ச அமீன்களை அடைப்பது. 5 மி.லி. டிஎம்எஃப்பில் 0.1 மி.லி. அசெட்டிக் அன்ஹைட்ரைடு, 0.1 மி.லி. பிரிடின், 30 நிமிடம். இதைச் செய்யாவிட்டால் இணைப்பு ஏறாத அமீன்களிலும் அடுத்த படியில் அடமன்டேன் நேரடியாக ஒட்டும். அந்தத் தண்டுகளும் சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் பிடிக்கும், ஆனால் எந்த ஒளியிலும் அறுபடாது. விளக்கைப் போட்டும் முப்பது, நாற்பது சதவீதத்திலேயே வெளியீடு நின்றுவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

பிறகு 20 சதவீத பைப்பெரிடின் கலந்த டிஎம்எஃப்பில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு முறை எஃப்மாக்கை நீக்குங்கள். அந்தக் கழுவு நீரைக் கொட்டிவிடாதீர்கள். தண்டுகள் எத்தனை என்று சொல்லப்போவது அதுதான். வெளிவரும் விளைபொருள் 301 நானோமீட்டரில் 7,800 என்ற மோலார் உறிஞ்சல் குணகம் உடையது. 10 மி.கி. துகளிலிருந்து 2 மி.லி. கரைசல் கிடைத்து, அதைப் பத்து மடங்கு நீர்த்து, 1 செ.மீ. கலத்தில் 0.39 உறிஞ்சல் வந்தால், நீர்த்த கரைசலில் 50 மைக்ரோமோலார். மூலக் கரைசலில் 500. மொத்தம் 1 மைக்ரோமோல். அதாவது கிராமுக்கு 0.1 மில்லிமோல்.

இந்த எண்ணை வெளிப்பரப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 100 நானோமீட்டர் துகளுக்கு, அடர்த்தியைச் சுமார் 1 என்று எடுத்தால், வெளிப்பரப்பு கிராமுக்கு 60 சதுர மீட்டர். கிராமுக்கு 0.1 மில்லிமோல் என்பது ஒரு சதுர நானோமீட்டருக்கு ஒரு தண்டு. சைக்ளோடெக்ஸ்ட்ரினின் வெளி விட்டம் 1.5 நானோமீட்டர் அளவு, ஒன்று அடைத்துக்கொள்ளும் இடம் இரண்டு சதுர நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக கிராமுக்கு 0.05 மில்லிமோல் இருந்தாலே பரப்பு நிரம்பும், 0.1 தாராளம். 0.5 வந்தால் மகிழ வேண்டாம், துளைக்குள்ளும் அமீன் புகுந்திருக்கிறது என்று பொருள். 0.01 வந்தால் துளை வாய்களில் ஓட்டை நிச்சயம். இரண்டுக்குமே டொலுயீன் படிக்குத் திரும்ப வேண்டும். அதே தூளை வைத்துக்கொண்டு மேலே போவது வீண்வேலை.

எண் சரியாக இருந்தால் அடமன்டேன் ஏற்றலாம்: 5.8 மி.கி. 1-அடமன்டேன் அசெட்டிக் அமிலம், எச்பிடியுவும் டிஐபிஇஏவும் முன்பிருந்த அளவே, டிஎம்எஃப், இரவு முழுவதும். நேரடி கார்பாக்சிலிக் அமிலத்தைவிட அசெட்டிக் அமில வடிவம் நல்லது. நடுவில் ஒரு கார்பன் இடைவெளி இருப்பதால் வினையும் எளிது, சைக்ளோடெக்ஸ்ட்ரின் உட்காரவும் இடம் இருக்கும்.

ஏற்றுவது, மூடுவது

சோதனைச் சரக்காக ரோடமைன் பி எடுத்துக்கொள்வோம். 550 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சி 580 பக்கம் ஒளிர்வதால் 365 விளக்கோடு குழம்பாது. நடுநிலை பிஎச்சில் மொத்த மின்னூட்டமும் பூஜ்யம். ரோடமைன் 6ஜி போன்ற நேர்மின் சாயங்கள் எதிர்மின் சிலிக்காச் சுவரில் இறுக ஒட்டிக்கொள்ளும். மூடி திறந்த பிறகும் வெளியே வராது, மூடி திறக்கவில்லை என்று தவறாக நினைக்க வைக்கும்.

50 மி.கி. துகளை 1 மில்லிமோலார் ரோடமைன் பி உள்ள 10 மி.லி. நீரில் 24 மணி நேரம் கலக்குங்கள். சாயத்தைக் கழுவாமல், அதே கரைசலில் 57 மி.கி. பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் போட்டு இன்னொரு 24 மணி நேரம். அது 5 மில்லிமோலார், 25 டிகிரியில் கரையும் எல்லைக்கு நன்றாகக் கீழேதான். கழுவிவிட்டு மூடினால் காலிப் பெட்டியைத்தான் மூடுவீர்கள்.

முன்பு சொன்ன பலவீனம் இதுதான். அடமன்டேனும் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரினும் பிணையும் மாறிலி 10,000 முதல் 1,00,000 வரையில், மோலுக்கு லிட்டர் அலகில். அது வலுவான பிணைப்புதான், ஆனால் நிரந்தரமானதல்ல. ஒரு மி.லி.க்கு அரை மி.கி. துகளை வெறும் நீரில் கலைத்தால் தண்டுகளின் செறிவு 50 மைக்ரோமோலார். மாறிலியை 30,000 என்று வைத்துக் கணக்கிட்டால் மூடிகளில் பாதிக்கு மேல் தாமாகவே கழன்றுவிடும். வெளிச்சமே தேவையில்லை. ஆகவே கழுவும் நீரிலும் அளவீட்டுக் கரைசலிலும் 1 மில்லிமோலார் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் கட்டாயம் இருக்கட்டும். அப்போது 90 சதவீதத்துக்கு மேல் தண்டுகள் மூடியோடு இருக்கும். ஒளியில் அறுந்த தண்டில் அடமன்டேனே இல்லாததால், கரைசலில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் எவ்வளவு இருந்தாலும் அது மறுபடி மூடாது. திறப்பு பாதிக்கப்படாது. குளிர்ந்த கரைசலில், மேல்நீர் நிறமற்று வரும் வரை கழுவுங்கள்.

முதலில் இருட்டு

அளவீட்டுக் கரைசல்: 10 மில்லிமோலார் பாஸ்பேட், பிஎச் 6.5, 1 மில்லிமோலார் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின். உருவமற்ற சிலிக்கா 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 120 மி.கி. அளவில் கரையக்கூடியது. நம் செறிவு லிட்டருக்கு 500 மி.கி. ஆகக் காலப்போக்கில் துகளின் கால் பங்கு கரைந்துபோகலாம், மூடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுவர் போய்விட்டால் சாயம் வெளியேதான் வரும். லிட்டருக்கு 100 மி.கி. என்று நீர்த்தால் முழுத் துகளும் கரையலாம். எளிய தடுப்பு: அளவீட்டுக் கரைசலை வெறும் சிலிக்காத் தூளோடு ஓர் இரவு கலக்கி, சுழற்றி, தெளிந்த மேல்நீரை எடுத்துப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே சிலிக்கா நிறைந்த நீர் புதிதாக அதிகம் கரைக்காது. பிஎச்சை 7.4-க்கும் வெப்பத்தை 37 டிகிரிக்கும் ஏற்றினால் கரைவது வேகமாகும். அங்கே மாலிப்டேட் முறையில் (கரைந்த சிலிக்காவோடு நிறம் தரும் சோதனை) கரைந்த சிலிக்காவையும் சாயத்தோடு சேர்த்து அளப்பது நல்லது.

மி.லி.க்கு அரை மி.கி. செறிவில் கலைத்து, இருட்டில் கலக்கிக்கொண்டே 0, 1, 2, 4, 8, 24 மணிகளில் 0.3 மி.லி. எடுத்து, 12,000 மடங்கு புவியீர்ப்பு விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரின் ஒளிர்வைப் பாருங்கள். 540-இல் தூண்டி 580-இல் அளக்கலாம். 1 மைக்ரோமோலாருக்கு மேல் போகாதபடி நீர்த்துக்கொள்ளுங்கள், மேலே போனால் நேர்கோடு வளையும். அளவுகோல் கோட்டையும் (தெரிந்த செறிவுகளுக்கான ஒளிர்வைக் காட்டும் கோடு) அதே 1 மில்லிமோலார் சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைசலில்தான் போட வேண்டும், ரோடமைனும் அதோடு மெல்லப் பிணைந்து ஒளிர்வை மாற்றும். டயாலிசிஸ் பையில் வைத்து அளப்பது வசதிதான், ஆனால் பையின் சவ்வே சாயத்தைத் தாமதப்படுத்தும். அங்கே வரும் அழகான மெதுவான வளைகோடு துகளுடையதா சவ்வினுடையதா என்று பிரிக்க முடியாது.

வளைகோட்டின் வடிவத்தைப் படியுங்கள். முதல் அரை மணியில் ஏறி அப்புறம் தட்டையானால் வெளியே ஒட்டிய சாயம், இன்னும் இரண்டு முறை கழுவினால் தீரும். நிற்காமல் ஒரே சரிவில் ஏறினால் மூடி போதவில்லை அல்லது சிலிக்கா கரைகிறது. எஃப்மாக்கிலிருந்து கணக்கிட்ட தண்டு எண்ணும் மாலிப்டேட்டில் அளந்த சிலிக்கா எண்ணும் எது என்று சொல்லிவிடும். 24 மணியில் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் விளக்கைத் தொடுங்கள்.

அந்த மொத்தத்தை அளக்க ஒரு வழி உண்டு: 10 மில்லிமோலார் சோடியம் அடமன்டேன் கார்பாக்சிலேட் சேர்த்தால், அது சைக்ளோடெக்ஸ்ட்ரின்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒளியே இல்லாமல் எல்லா மூடியும் கழலும். இதுவே மூடி வேலை செய்கிறது என்பதற்கும் சான்று. ஆனால் அது ரோடமைனைப் பிடித்திருக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரினையும் பறிக்கும் என்பதால் இதற்குத் தனி அளவுகோல் கோடு வேண்டும். மெத்தனாலில் பலமுறை கழுவி எடுத்த மொத்தத்தோடும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுவரில் ஒட்டியே நின்றுவிட்ட சாயம்.

விளக்கு

365 நானோமீட்டர் எல்இடி, மாதிரியின் இடத்தில் சதுர செ.மீ.க்கு 10 மில்லிவாட். விளக்கின் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் அங்கேயே அளக்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் பொட்டாசியம் ஃபெர்ரிஆக்சலேட் கரைசலை அதே கலத்தில் அதே தூரத்தில் வைத்து அளக்கலாம். 365-இல் அதன் குவாண்டம் விளைச்சல் (உறிஞ்சிய ஒரு ஃபோட்டானுக்கு நடக்கும் வினைகளின் எண்ணிக்கை) 1.2-க்குச் சற்று மேல். பிறக்கும் இரும்பை ஃபினாந்த்ரோலினோடு சேர்த்து 510-இல் 11,100 என்ற குணகத்தால் கணக்கிடலாம். புறஊதா தடுக்கும் கண்ணாடி அணியாமல் விளக்கைப் போடாதீர்கள், 365 கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் பலமில்லை என்று தோன்றும்.

எவ்வளவு நேரம் என்பதைக் கணக்கிட்டே தெரிந்துகொள்ளலாம். இந்த இணைப்பின் மோலார் உறிஞ்சலை 365-இல் 5,000 என்றும், குவாண்டம் விளைச்சலைத் தாழ்வாக 0.01 என்றும் வைப்போம். 10 மில்லிவாட்டில் பாதித் தண்டுகள் அறுபட மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆக, அரை மணி ஒளியில் தண்டு வேலை முடிந்துவிடும். சாயம் வெளிவர மூன்று மணி நேரம் ஆகிறது என்றால் அது துளைக்குள் சாயம் நகரும் வேகம். விளக்கைக் கூட்டிப் பயனில்லை, மாதிரிதான் சூடாகும். இந்தக் கணக்கு தனித்துக் கலைந்த துகளுக்குத்தான். கலத்தின் மூலையில் தூளைக் குவித்து மேலே நீரை ஊற்றி அளக்கும் முறையில் மேலடுக்குக்கு மட்டுமே ஒளி போகும், உள்ளே இருப்பவை இருட்டிலேயே இருக்கும்.

ஒப்பீட்டு மாதிரிகள் இல்லாத வெளியீட்டு வளைகோட்டுக்கு மதிப்பில்லை. நான்கு வேண்டும்: அதே வெப்பத்தில் இருட்டில் வைத்த மூடிய துகள்; ஒளியில் வைத்த, இணைப்பு இல்லாமல் நேரடியாக அடமன்டேன் ஒட்டிய துகள்; ஒளியில் வைத்த வெறும் ரோடமைன் கரைசல்; இருட்டில் வைத்த மூடாத துகள். இரண்டாவது கசிந்தால் உங்கள் விளக்கு சூட்டால் திறக்கிறது, ஒளியால் அல்ல. மூன்றாவது மங்கினால் சாயம் வெளுக்கிறது, வெளியீட்டு எண்கள் அந்த அளவுக்குக் குறைவாகக் காட்டும்.

அறுந்தபின் நைட்ரோசோ கீட்டோன் துகளின் மேலேயே தங்கும், துகள் மஞ்சள் பழுப்பாகும். இது நல்ல அடையாளம். நிறம் மாறியும் சாயம் வரவில்லை என்றால் ஒளி வேலை செய்துவிட்டது, சிக்கல் சுவரில் ஒட்டிய சாயத்திலோ அடைக்காமல் விட்ட அமீனிலோ. நிறமே மாறவில்லை என்றால் கலத்தையும் விளக்கையும் பாருங்கள். சில பிளாஸ்டிக் கலங்களும் தட்டு மூடிகளும் 365-ஐக் கணிசமாக விழுங்கும்.

இந்தத் திறப்பு ஒருவழி. ஐந்து நிமிடம் ஒளி, பிறகு இருட்டு என்று விட்டுவிட்டுக் கொடுத்தால் படிக்கட்டு வடிவ வளைகோடு வராது. பாதி அறுந்த துகள் இருட்டிலும் கசிந்துகொண்டே இருக்கும். மூடித் திறந்து மூட வேண்டுமென்றால் அடமன்டேனின் இடத்தில் அசோபென்சீன் வேண்டும். அதன் டிரான்ஸ் வடிவம் சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் பிடிக்கும், 350 பக்கத்து ஒளியில் சிஸ் ஆனதும் விடும், நீல ஒளியில் திரும்பும். ஆனால் அதன் பிடிப்பு அடமன்டேனைவிடத் தளர்வு, இருட்டுக் கசிவு அதிகம்.

செல்களில் பயன்படுத்த நினைப்பவர்கள் மூடியை மாற்ற வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் 1 மில்லிமோலார் சைக்ளோடெக்ஸ்ட்ரின் இருந்தால் அது செல் சவ்வின் கொலஸ்ட்ராலை இழுக்கும். அங்கே சைக்ளோடெக்ஸ்ட்ரினையோ தங்க நானோதுகளையோ அதே நைட்ரோபென்சைல் தண்டில் சகப்பிணைப்பாகவே கட்டுங்கள். திசுவுக்குள் 365 ஒரு மில்லிமீட்டர்கூடச் சரியாகப் போகாது. ஆழம் வேண்டுமென்றால் 450 பக்கத்தில் விடுபடும் ருத்தேனியம் மூடி ஓரளவு உதவும். இட்டெர்பியமும் தூலியமும் கலந்த சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு கருவின் மேல் சிலிக்காவை வளர்த்தால், 980 நானோமீட்டர் லேசரை உள்ளேயே 345, 360 பக்கத்து ஒளியாக மாற்றிக்கொள்ளலாம். 980-ஐ நீரும் நன்றாக உறிஞ்சிச் சூடாகும் என்பதால், அந்தச் சோதனையில் அறுபடாத தண்டு கொண்ட ஒப்பீட்டு மாதிரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.